ஒற்றையா, இரட்டையா: மலைச்சரிவில் குழந்தைத் தள்ளுவண்டி

ஒரு கைக்குழந்தை இருக்கும் வீட்டில் தள்ளுவண்டி வாங்கும்போது எழும் முதல் கேள்வி, இப்போதைய குழந்தைக்கு மட்டும் வாங்குவதா, இனி வரக்கூடிய குழந்தையையும் கணக்கில் எடுப்பதா என்பது. சந்தையில் இதற்கு இரண்டு பதில்கள் நிலைத்துவிட்டன. ஒன்று, கைக்கடக்கமாக மடியும் ஒற்றை வண்டி. மற்றது, ஒற்றையாகத் தொடங்கி, தேவை வரும்போது இன்னொரு இருக்கையைப் பொருத்தி இரட்டையாக்கிக் கொள்ளக்கூடிய விரியும் வண்டி. லண்டனிலோ டொரொன்டோவிலோ இருக்கும் தமிழ்க் குடும்பத்துக்கு இது பெரும்பாலும் பணத்தையும் கார் டிக்கியின் அளவையும் பொறுத்த முடிவு. இலங்கையின் ஊவாவில், பசறை, மடுல்சீமை, நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் அதே கேள்வி வேறு விடைகளைக் கோருகிறது. அங்கே பாதை சரிவு, வீட்டுக்கு ஏறும் வழி படிக்கட்டு, ஊருக்குப் போக பஸ். தாய் கொழுந்து பறிக்கப் போகும் பகல் பொழுதில் குழந்தை இருக்கும் இடமும் வேறு.

தள்ளுவண்டி மலையகத்தில் இன்னும் பரவலான பொருளாகவில்லை. ஆனாலும் பதுளைக் கடைகளிலும், வெளிநாட்டு வேலைக்குப் போய் வந்தவர்கள் கொண்டுவரும் சாமான்களிலும், தோட்டத்தை விட்டு ஊருக்குக் குடிபெயர்ந்த ஆசிரியர், உத்தியோகத்தர் வீடுகளிலும் அது இடம்பிடித்து வருகிறது. ஆகவே இந்தக் கேள்விக்கு இதுவரை சொல்லப்பட்ட விடைகள் எங்கிருந்து வந்தன, ஊவாவின் சரிவில் அவை எந்த அளவுக்குச் செல்லும் என்று பார்ப்பது பயனற்ற வேலையல்ல.

வண்டி வந்த வழி

குழந்தை வண்டியின் வரலாறு வழக்கமாக 1733 இலிருந்து சொல்லப்படுகிறது. இங்கிலாந்தின் தோட்டக் கலைஞர் வில்லியம் கென்ட், டெவன்ஷயர் பிரபுவின் பிள்ளைகளுக்காகச் சிப்பி வடிவில் ஒரு வண்டி செய்தார். அதைக் குட்டிக் குதிரையோ ஆடோ இழுக்க வேண்டும். தாய் பின்னால் நின்று தள்ளும் அமைப்பு 19ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் பரவியது. 1889இல் அமெரிக்காவின் பால்டிமோரைச் சேர்ந்த வில்லியம் ரிச்சர்ட்சன், குழந்தை தள்ளுபவரைப் பார்த்தும் எதிர்ப்புறம் பார்த்தும் இருக்கும்படி திருப்பக்கூடிய படுக்கைக்குக் காப்புரிமை பெற்றார். இந்த வண்டிகள் எல்லாம் கனமானவை. தளம் போட்ட நடைபாதையும், வண்டியை நிறுத்திவைக்க வாசல் மண்டபமும் உள்ள வீடுகளுக்காகச் செய்யப்பட்டவை.

இன்றைய ஒற்றை வண்டியின் மூதாதை 1965இல் பிறந்தது. ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் இறங்குசக்கர அமைப்பில் வேலை செய்திருந்த பொறியியலாளர் ஓவன் மெக்லாரன், தம் பேத்தியின் கனமான வண்டியோடு மகள் படும் பாட்டைப் பார்த்து, அலுமினியக் குழாய்களால் குடைபோல மடியும் வண்டியை வடிவமைத்தார். அதன் எடை மூன்று கிலோகூட இல்லை. 1984இல் அமெரிக்காவில் பில் பெய்ச்லர் மூன்று பெரிய சக்கரங்கள் கொண்ட ஓட்ட வண்டியைச் செய்தார். கரடுமுரடான பாதையில் சிறு சக்கரம் திணறும் என்ற குறையை முதலில் நேராக எதிர்கொண்ட வடிவம் அதுதான். ஒரே சட்டத்தில் இருக்கைகளைக் கூட்டிக் குறைக்கும் விரியும் வண்டிகள் இதற்கெல்லாம் பிந்தியவை. கடந்த இருபது ஆண்டுகளில்தான் அவை சந்தையில் தனி வகையாக நிலைபெற்றன.

ஒற்றை வண்டியின் பக்கம்

ஒற்றை வண்டியை ஆதரிப்போரின் வாதம் எடையிலும் அளவிலும் நிற்கிறது. இன்று விற்கும் கைக்கடக்க வண்டிகள் பெரும்பாலும் 6 முதல் 8 கிலோ எடையும், 45 முதல் 50 சென்ரிமீற்றர் அகலமும் கொண்டவை. ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டு மறு கையால் மடிக்க முடியும். மடித்தால் பஸ்ஸில் காலருகே வைக்கலாம், ஆட்டோவின் பின்பக்கத்தில் செருகலாம். பதுளையிலிருந்து கொழும்புக்கு ரயிலில் போனால் சாமான் தட்டில் ஏற்றலாம்.

இதன் குறைகளும் எடையிலிருந்தே வருகின்றன. எடையைக் குறைக்க முதலில் சிறுப்பது சக்கரம். 12, 15 சென்ரிமீற்றர் சக்கரம் தார் ரோட்டில் நன்றாக ஓடும். சல்லி பெயர்ந்த தோட்டப் பாதையில், கானைக் கடக்கும் இடத்தில், முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கி வண்டி தலைகுப்புறச் சாயும். கைப்பிடியில் மளிகைப் பையைத் தொங்கவிட்டால் ஏற்றத்தில் பின்புறமாகக் கவிழும் அபாயமும் உண்டு. பல வடிவங்களில் இருக்கை முழுதாகப் படுக்காததால், தலை நிற்காத குழந்தைக்கு அவை ஏற்றவையல்ல. மடியும் பொறியே ஆபத்தான சந்தர்ப்பமும் இருந்தது: 2009இல் மெக்லாரன் நிறுவனத்தின் சுமார் 10 லட்சம் வண்டிகளுக்கு, கீல் மூட்டில் குழந்தைகளின் விரல்நுனி சிக்கித் துண்டானதால், அமெரிக்காவில் திரும்பப்பெறும் அறிவிப்பு விடப்பட்டது. அதன் பிறகு விதிகள் இறுகின. 2015 முதல் அமெரிக்காவில் தள்ளுவண்டிகளுக்குக் கட்டாயக் கூட்டாட்சித் தரம் உண்டு. ஐரோப்பாவில் ஈஎன் 1888 என்ற தரம் நடைமுறையில் இருக்கிறது. பெட்டியில் அந்தக் குறியீடு இருக்கிறதா என்று பார்ப்பது வாங்குபவரின் பொறுப்பாகவே இருந்துவருகிறது.

விரியும் வண்டியின் பக்கம்

இரண்டாம் தரப்பின் வாதம் நீண்டகாலச் செலவு பற்றியது. இப்போது ஒன்று, இரண்டு வருடத்தில் இன்னொன்று என்று வாங்குவதைவிட, ஒரே நல்ல சட்டத்தை வாங்கி இருக்கையை மட்டும் பிறகு சேர்ப்பது சிக்கனம் என்று அவர்கள் சொல்வார்கள். சக்கரம் பெரிது, சட்டம் உறுதி, அடியில் சாமான் கூடை பெரிது. பக்கத்துப் பக்கமாக இரு இருக்கை உள்ள வண்டி 75 சென்ரிமீற்றரைத் தாண்டிவிடும். விரியும் வண்டியில் இருக்கைகள் முன்பின்னாக அமைவதால் அகலம் ஏறத்தாழ ஒற்றை வண்டியோடு நின்றுவிடுகிறது. ஆகவே கதவுகளில் சிக்கல் குறைவு.

இந்த வாதத்தின் பலவீனம் விலைப்பட்டியலை முழுதாகப் படித்தால் தெரியவரும். இரண்டாம் இருக்கை, அதைப் பொருத்தும் இணைப்பி, மழைமறைப்பு ஆகியவை பெரும்பாலும் தனித்தனி விலை. சில வருடங்கள் கழித்து அந்த மாதிரியின் இருக்கை இலங்கையில் கிடைக்குமா என்பதை வாங்கும் நாளில் எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கீழ் இருக்கை தரைக்கு மிக அருகில் அமைவதால் புழுதி, சேறு, வாகனப் புகை அனைத்தும் அந்தப் பிள்ளைக்கே. ஓர் இருக்கையோடேயே 11 கிலோவுக்கு மேல். இரு இருக்கையோடு 14, 15 கிலோ ஆவதும் உண்டு. மடிக்க வேண்டுமானால் பல வடிவங்களில் இருக்கைகளைக் கழற்றியாக வேண்டும். இரு பிள்ளைகளையும் கையில் வைத்துக்கொண்டு அதைச் செய்ய யாராலும் முடியாது.

சரிவும் படிக்கட்டும்

இரு தரப்பும் பெரும்பாலும் மட்டமான நகரத் தெருவை மனதில் வைத்தே பேசுகின்றன. ஊவாவில் அந்த அனுமானம் நிற்காது. பேராதனையிலிருந்து நுவரெலியா, பதுளை வழியாகச் செங்கலடிக்குப் போகும் ஏ5 வீதி பசறையைத் தொட்டுச் செல்கிறது. அங்கிருந்தே மொனராகலைக்கு ஏ22 பிரிகிறது. இந்த வீதிகளுக்கு மேலும் கீழுமாக, 2,000 மீற்றரைத் தாண்டி நிற்கும் நமுனுகுல மலையின் அடிவாரங்களில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் இருக்கின்றன. பெருவீதியிலிருந்து லயத்துக்குப் போவது தோட்ட வண்டிப்பாதை. வண்டிப்பாதையிலிருந்து லய அறையான காம்பராவுக்குப் போவது மண்ணில் வெட்டிய அல்லது கல் பதித்த படிகள்.

கணக்கு எளியது. பத்து மீற்றருக்கு ஒரு மீற்றர் உயரும் சரிவில், தள்ளும் மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை எப்போதும் கையால் தாங்க வேண்டும். 8 கிலோ வண்டியில் 10 கிலோ குழந்தை என்றால் அந்தச் சுமை 1.8 கிலோ. 14 கிலோ வண்டியில் 10 கிலோவும் 14 கிலோவுமாக இரு பிள்ளைகள் என்றால் 3.8 கிலோ. ஆறுக்கு ஒன்று என்ற கடும் ஏற்றத்தில் அது 6 கிலோவைத் தாண்டும். சில நிமிடத்துக்கு இது முடியாத சுமையல்ல. பஸ் நிறுத்தத்திலிருந்து அரை மணி நேரம் ஏறுபவருக்கு, அதிலும் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அப்பாயிக்கோ அம்மாயிக்கோ, வேறு விஷயம். இறக்கத்தில் கணக்கு இன்னும் கடுமையாகிறது. அதே பத்துக்கு ஒன்று சரிவில் கைநழுவிய வண்டி மூன்று விநாடியில் மூன்று மீற்றருக்கு மேல் ஓடிவிடும். மணிக்கட்டில் மாட்டும் வார் இல்லாத வண்டியை மலைநாட்டில் வாங்கவே கூடாது என்று சொல்வது மிகையாகாது. வண்டி ஒற்றையா இரட்டையா என்பதைவிட நிறுத்துக் கட்டை மழைக்காலச் சேற்றிலும் பிடிக்குமா என்பது முக்கியம். மார்கழி, தை மாதங்களில் வடகீழ்ப் பருவமழை ஊவாவை நனைக்கும்போது இது புரியும்.

படிக்கட்டில் சக்கரத்துக்கு வேலையே இல்லை. அங்கே வண்டி என்பது தூக்கும் பொருள். 18 கிலோவை ஒருவர் சிரமப்பட்டேனும் தூக்குவார். 38 கிலோவைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைகளை ஒவ்வொருவராக மேலே கொண்டுபோய் விட்டுவிட்டு வண்டிக்காகத் திரும்ப வேண்டும், அந்த நேரத்தில் ஒரு பிள்ளை தனியாக நிற்கும். வீட்டுக்குள்ளும் இடச்சிக்கல் உண்டு. பழைய லயக் காம்பரா பொதுவாக 10 அடிக்கு 12 அடி. அதன் முன்னால் திண்ணையான இஸ்தோப்பு. விரியும் வண்டியை நிறுத்தினால் அந்த இஸ்தோப்பில் பாதி போய்விடும். தனிக் காணியில் கட்டித் தரப்படும் புதிய தனிவீடுகளில் இடம் கூடுதல் என்றாலும், அவையும் சரிவை வெட்டியே கட்டப்படுவதால் படிகள் மறைந்துவிடவில்லை.

விலையும் இங்கே வேறு அர்த்தம் பெறுகிறது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும், 2024 செப்டெம்பரில் அடிப்படையாக 1,350 ரூபாவாகவும் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. சாதாரண ஒற்றை வண்டியே பல நாள் வேலையின் கூலி. பின்னால் பயன்படும் என்று இன்று கூடுதலாகக் கொடுக்கும் பணம், மாதச் சம்பளக்காரர் வீட்டில் முதலீடாக இருக்கலாம். நாட்கூலி வீட்டில் அது பெரும்பாலும் கடன்.

இரு பிள்ளைகளுக்கு இடையிலான காலம்

விரியும் வண்டிக்கான வாதம் முழுவதும் ஒரு மௌனமான அனுமானத்தில் தங்கியிருக்கிறது: அடுத்த குழந்தை வரும்போது மூத்ததும் வண்டியில் உட்காரும் வயதிலேயே இருக்கும். அந்த அனுமானம் எப்போதும் சரிவராது. ஒரு பிரசவத்துக்குப் பின் அடுத்த கருத்தரிப்புக்குக் குறைந்தது 24 மாதங்கள் காத்திருப்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2005இல் கூட்டிய நிபுணர் குழுவின் பரிந்துரை. கர்ப்ப காலத்தையும் சேர்த்தால் இரு பிறப்புகளுக்கு இடையே 33 மாதங்கள் ஆகின்றன. தோட்டங்களுக்கு வரும் குடும்பநல மருத்துவ மாதுக்கள் தாய்மாருக்குச் சொல்வதும் இடைவெளி விடவேண்டும் என்பதே. அந்த இடைவெளி காக்கப்பட்ட வீட்டில் இளையது பிறக்கும்போது மூத்தது மூன்று வயதை நெருங்கிவிடும்.

மூன்று வயதுப் பிள்ளைக்கு வண்டி எவ்வளவு தேவை? உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி ஆய்வுப்படி குழந்தைகள் தனியே நடக்கத் தொடங்கும் சராசரி வயது 12 மாதம்; ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் 18 மாதத்துக்குள் நடந்துவிடுகின்றன. மலையில் வளரும் மூன்று வயதுப் பிள்ளை தாயின் கையைப் பிடித்துப் படியேறும். களைத்தால் கொஞ்ச தூரம் ஏற்றிச் செல்ல, ஒற்றை வண்டியின் பின்னால் பொருத்தும் சிறு நிற்கும் பலகை போதும். சுவீடனில் தோன்றிய இந்தப் பலகை இரண்டாம் இருக்கையைவிட மலிவு, எடையும் குறைவு. ஆனால் கடும் இறக்கத்தில் பின்னால் ஒரு பிள்ளை நிற்பது தள்ளுபவரின் கால்வீச்சை மறிக்கும். அதற்கு மட்டமான இடமே ஏற்றது.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டல் இன்னொரு கோணத்தைச் சேர்த்தது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வண்டியிலோ உயர நாற்காலியிலோ, ஏன், முதுகில் கட்டிக்கூட, ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் வைத்திருக்கக் கூடாது என்கிறது அது. இரு பிள்ளைகளையும் நெடுநேரம் உட்காரவைக்க முடிவது விரியும் வண்டியின் சிறப்பு என்று விளம்பரம் சொன்னால், அந்தச் சிறப்பைச் சற்று ஐயத்தோடு பார்க்கலாம்.

இடைவெளி குறைந்த பிறப்புகளும் இரட்டைப் பிள்ளைகளும் இந்த வாதத்துக்கு வெளியே நிற்பவை. 2021இல் வெளியான மொன்டென், பிசொன், ஸ்மிட்ஸ் ஆகியோரின் ஆய்வு, உலகில் ஆண்டுதோறும் சுமார் 16 லட்சம் இரட்டைப் பிறப்புகள் நிகழ்வதாகக் கணக்கிட்டது. தெற்காசியாவில் விகிதம் குறைவே. குறைவு என்பது இல்லை என்பதாகாது. இரட்டைப் பிள்ளை உள்ள வீட்டில் ஒற்றை வண்டி பாதித் தீர்வு மட்டுமே.

சக்கரமே வேண்டாம் என்போர்

இந்த விவாதத்தின் மிகப் பழைய தரப்பு, குழந்தையைத் தூக்குவதுதான் சிறந்தது என்பது. இடுப்பில் வைத்துத் தூக்குவதும் சேலைத் தொட்டிலில் ஆட்டுவதும் தமிழர் வீடுகளில் இயல்பு. நவீன ஆராய்ச்சி இதற்கு ஓரளவு துணைநின்றது. 1986இல் ஹன்சிக்கர், பார் ஆகிய இருவரும் 99 தாய்-குழந்தை இணைகளை ஆராய்ந்து, தினமும் கூடுதலாக மூன்று மணி நேரம் தூக்கப்பட்ட குழந்தைகள் ஆறாம் வாரத்தில் 43 வீதம் குறைவாக அழுததாகக் கண்டனர். ஆனால் 1995இல் லண்டனில் நடந்த ஆய்வு அதே விளைவைக் காணவில்லை. ஸ்கொட்லாந்தின் டண்டி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுசான் சீடிக் 2008இல் வெளியிட்ட அறிக்கை வண்டியையே இரண்டாகப் பிரித்துப் பார்த்தது: குழந்தை தள்ளுபவரைப் பார்த்து அமரும் வண்டிகளில் பெற்றோர் பேசுவது, எதிர்ப்புறம் பார்க்கும் வண்டிகளைப் போல இரு மடங்கு இருந்தது. ரிச்சர்ட்சனின் 1889ஆம் ஆண்டுக் காப்புரிமை இந்த இடத்தில் மீண்டும் பொருத்தமாகிறது. மலிவான கைக்கடக்க வண்டிகளில் பெரும்பாலும் இந்தத் திருப்பும் வசதி இல்லை.

தூக்கும் வழிக்கும் எல்லை உண்டு. கொழுந்துக் கூடையின் கயிறு தலையிலும் கூடை முதுகிலும் இருக்கும் பெண்ணால் குழந்தையையும் சுமக்க முடியாது. தூக்குவது நல்லதா, தள்ளுவது நல்லதா என்ற விவாதத்தில் பெரும்பாலும் பேசப்படாத உண்மை இது: வேலை நேரத்தில் மலையகத் தாய்க்கு இரண்டுமே இயலாது.

பிள்ளைக் காம்பரா

தோட்டம் இதற்குக் கண்ட விடை பிள்ளைக் காம்பரா. தாய் மலைக்குப் போகுமுன் குழந்தையை அங்கே விட்டுச் செல்வாள். வரிசையாகக் கட்டிய துணித் தொட்டில்களில் குழந்தைகள் தூங்க, ஆயா ஒருவர் பார்த்துக்கொள்வார். 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும், குறித்த எண்ணிக்கைக்கு மேல் பெண்களை வேலைக்கு வைத்திருப்பவர் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பிடம் அமைக்க வழிசெய்கின்றன. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை தரவேண்டும்: காப்பிடம் இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணி, இல்லாவிட்டால் ஒரு மணி. மகப்பேற்று விடுமுறை நீண்டகாலம் முதல் இரு பிள்ளைகளுக்கு 12 வாரமாகவும் அதற்கு மேற்பட்டவர்களுக்கு 6 வாரமாகவும் இருந்தது. 2018இன் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. அப்படியும் குழந்தை மூன்று மாதமாகுமுன்பே பிள்ளைக் காம்பராவுக்கு வந்துவிடுகிறது. 1992இல் தோட்ட முகாமை தனியார் கம்பனிகளிடம் போனபோது உருவான, இப்போது பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் எனப்படும் நம்பிக்கைப் பொறுப்பு நிறுவனம் பல பிள்ளைக் காம்பராக்களைச் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக மாற்றியமைத்தது. ஆயாக்களின் இடத்துக்குப் பயிற்சி பெற்ற உத்தியோகத்தர்கள் வந்தனர்.

தள்ளுவண்டி விவாதத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. பகலில் குழந்தை இருக்கும் இடம் லயத்துக்கு அருகிலேயே இருந்தால், வண்டி தேவைப்படும் பயணங்கள் சிலவே: மாதாந்தம் நிறை பார்க்கும் கிளினிக், இரண்டாம், நான்காம், ஆறாம், ஒன்பதாம் மாதத் தடுப்பூசிகள், பசறை ஆஸ்பத்திரி, தீபாவளிக்கு முன் பதுளைக் கடைவீதி, திருவிழா. இவற்றில் பெரும்பாலானவை பஸ்ஸிலோ ஆட்டோவிலோ தொடங்கி முடிபவை. மடிக்க எளிதான வண்டியைத் தவிர மற்றது அங்கே சுமையாகும். தூங்கவைக்கும் இடமாக வண்டியைக் கருதுவோரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், உட்காரும் அமைப்புள்ள வண்டிகளையும் கார் இருக்கைகளையும் வழக்கமான தூக்கத்துக்குப் பரிந்துரைப்பதில்லை, நான்கு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்குச் சிறப்பாக.

தீராதவை

இதுவரை கிடைக்கும் ஆதாரங்களை வைத்துப் பார்த்தால், பசறை போன்ற சரிவு நிலத்தில், பிறப்பு இடைவெளி இரண்டரை ஆண்டுக்கு மேல் இருக்கும் வீட்டுக்கு விரியும் வண்டியின் பயன் அதன் விலையை ஈடுசெய்யும் என்று சொல்வது கடினம். சற்றுப் பெரிய சக்கரமும், நல்ல நிறுத்துக் கட்டையும், மணிக்கட்டு வாரும் உள்ள ஒற்றை வண்டி பெரும்பாலான தேவைகளுக்குப் போதும். ஆறு மாதத்துக்கு முன் துணிக்கட்டில் தூக்குவதே வசதி. பதுளை நகரில், வாகனம் நிற்கும் மட்டமான வாசலுள்ள வீட்டில், ஒன்றரை வயது இடைவெளியில் இரு பிள்ளைகள் வளரும்போது முடிவு மறுபக்கம் சாயலாம்.

இரட்டைப் பிள்ளைகளின் கேள்வி மட்டும் தீரவில்லை. பக்கத்துப் பக்கமான வண்டி லய வாசலில் நுழையாது, விரியும் வண்டி படியில் ஏறாது, இரு ஒற்றை வண்டிகளைத் தள்ள இரண்டு பேர் வேண்டும். ஒன்றைத் துணிக்கட்டில் மார்போடும் மற்றதை ஒற்றை வண்டியிலும் கொண்டுசெல்வது நடைமுறையில் சாத்தியமான வழியாகத் தெரிகிறது, ஆனால் இரண்டும் வளர்ந்து பத்துக் கிலோவைத் தாண்டிய பின் அதுவும் நிற்காது. இன்னொரு கேள்வி வண்டியைப் பற்றியதே அல்ல. தோட்டப் பாதைக்குக் கொங்கிரீட் போடும்போதும் புதிய வீடுகளுக்கு வழி அமைக்கும்போதும் படிகளுக்குப் பக்கத்தில் போதிய அகலத்துக்குச் சாய்தளம் விட்டால், தள்ளுவண்டிக்கும் சக்கர நாற்காலிக்கும் கொழுந்து மூட்டைக்கும் ஒரே வழி போதும். பிரதேச சபைகளும் தோட்ட நிர்வாகங்களும் அடுத்த பாதைத் திட்டத்தில் அதைச் சேர்ப்பது நல்லது.